ஸ்டீயரிங்கில் பாட்டு செட் பட்டன் வைக்கப் போகிறீர்களா? கிளாக் ஸ்பிரிங்கிலிருந்து செட் வரை முழு வேலையும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிய இன்னும் நேரமிருந்தது, மச்சானோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். வண்டியை நிறுத்த இடம் தேடி அவர் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார், ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பட்டனைத் தட்டினார், சாவியைப் பிடுங்கினார், கீழே இறங்கி வண்டியை முறைத்தும் பார்த்தார். ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள் எங்கள் இரண்டு குடும்பத்தையும் நன்றாக விசாரித்துவிட்டுப் போனார்கள். பானெட்டைத் திறந்து ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் அமைதி.

தண்டையார்பேட்டைக்கு வந்து ஸ்டீயரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே தொங்கியது. அவர் அந்த வண்டியை வாங்குவதற்கு முன்பே யாரோ ஒரு கடையில் ஸ்டீயரிங்கில் பாட்டு செட் பட்டன் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஹாரன் லைன் அறுந்துபோயிருந்திருக்கிறது. அதற்கான பாகத்தை மாற்றாமல், ஹாரனுக்கும் பட்டனுக்கும் சேர்த்து மூன்று ஒயரை வெளியே எடுத்துத் தண்டின் மேல் நாலு சுற்றுச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். திருப்பத் திருப்ப ஒயர் தேய்ந்து, செம்பு வெளியே வந்து இரும்பில் தொட்டிருக்கிறது. ஹாரன் பட்டனின் வேலையே ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒரு முனையை எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பில், தொடவைப்பதுதான், அந்த வேலையைத் தேய்ந்த ஒயர் தானாகவே செய்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு விரல்கடை பக்கத்தில் மஞ்சள் குழாய்க்குள் ஏர்பேக் லைன் போனது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வியர்த்தது.

அந்த வண்டியைச் சரிசெய்தபோதும், அப்புறம் என் வண்டிக்கு நானே பட்டன் வைத்தபோதும் கற்றுக்கொண்டது இது. காரில் எத்தனையோ ஒயர் ஓடுகிறது, ஆனால் ஸ்டீயரிங் ஒன்றில்தான் ஒயரின் ஒரு முனை சுற்றிக்கொண்டே இருக்கும், மறுமுனை அசையாமல் நிற்கும். அந்த ஒரு மூட்டை எப்படிக் கடக்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி: அந்த மூட்டு வழியாகச் சமிக்ஞை மட்டும் போகலாம், சுமை இழுக்கும் கரண்டு போகக் கூடாது.

உங்கள் வண்டி எந்த ரகம்

இதை முடிவு செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 மாதிரி ஏர்பேக் இல்லாத வண்டி என்றால் உள்ளே ஒரு பித்தளை வளையமும், அதை உரசிக்கொண்டு நிற்கும் ஸ்பிரிங் வைத்த ஒரு முனையும்தான். மொத்தமே ஒரு லைன், அதுவும் ஹாரனுக்கு. அதில் செட் பட்டனுக்கு வழி கிடையாது. ஒயர் இல்லாத பட்டன்தான் ஒரே வழி, அதைக் கீழே சொல்கிறேன்.

ஏர்பேக் உள்ள வண்டிகள் அடுத்தது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய வண்டி எவ்வளவு அடிமட்ட வேரியன்ட்டாக இருந்தாலும் ஸ்டீயரிங்குக்குள் கிளாக் ஸ்பிரிங் இருக்கும். கடைகளில் ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்வார்கள். அடிமட்ட வேரியன்ட்டில் அதில் ஏர்பேக் லைனும் ஹாரன் லைனும் மட்டும் இருக்கலாம். அதே காரின் மேல் வேரியன்ட்டில் ஆடியோ பட்டனுக்கான கப்ளரும் (ஒயர்களைச் செருகி இணைக்கும் முனை) சேர்ந்து வரும். இந்தக் கட்டுரை முக்கியமாக இவர்களுக்கு.

மூன்றாவது, பட்டனெல்லாம் லின் பஸ் என்னும் டேட்டா லைனில் பேசும் புதிய வண்டிகள், கிளாக் ஸ்பிரிங்கோடு ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சாரும் சேர்ந்த இ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) வண்டிகள். இதில் கை வைக்காதீர்கள். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் புரியாது, சென்சாரைக் கழற்றி மாட்டினால் ஸ்கேனர் போட்டுப் பூஜ்ஜியம் சரிசெய்ய வேண்டியும் வரும்.

வாரன்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி என்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஒயரிங்கில் வெளியாள் கை வைத்தால் வாரன்டியை மறுக்க அவர்களுக்கு அது போதும்.

கிளாக் ஸ்பிரிங் உள்ளே என்ன இருக்கிறது

கைக்கடிகாரத்தின் சுருள் மாதிரி, ஒரு வட்டப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தட்டையான ரிப்பன் கேபிள் தளர்வாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினால் விரியும். கார் ஸ்டீயரிங் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சுற்றுதான் போகும். டப்பாவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டரை சுற்று அளவுக்கு இடம் வைத்திருப்பார்கள். அவ்வளவுதான் உபரி. ஒரு சுற்று தள்ளி மாட்டிவிட்டால் நேரான ரோட்டில் எல்லாம் வேலை செய்யும், சந்தில் முழுசாக ஒடிக்கும்போது ரிப்பன் அறுந்துவிடும். ஹாரன் போகும், ஏர்பேக் விளக்கு எரியும், அப்படியே விபத்து நடந்தால் பை விரியாது.

அந்த ரிப்பனில் உள்ள செம்புத் தகடு மிக மெல்லியது. ஹாரன் ஒவ்வொன்றும் நாலைந்து ஆம்பியர் இழுக்கும், அதனால்தான் கம்பெனிக்காரனே ஹாரன் கரண்டை இதன் வழியாக அனுப்புவதில்லை. ரிலேயின் சுருள் இழுக்கும் 0.15 முதல் 0.2 ஆம்பியர் மட்டும்தான் இதில் போகிறது. ஸ்டீயரிங்கில் செல்போன் சார்ஜர் வைக்கிறேன், விளக்கு வளையம் ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சூடேற்றும் ஸ்டீயரிங் வரும் கார்களில் அதற்கென்று தடித்த கடத்தி போட்ட தனி கிளாக் ஸ்பிரிங் வரும். நமக்கு எதற்கு சூடு, மே மாதத்தில் எண்ணூர் ஹைரோட்டில் நிறுத்தி வைத்த வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பாருங்கள்.

பட்டன் எப்படிப் பேசுகிறது

பத்து பட்டனுக்குப் பத்து ஒயர் போவதில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டர், எல்லாம் ஒரே லைனில். செட்டுக்குள் இருந்து ஒரு சின்ன வோல்டேஜ் அந்த லைனுக்கு வரும், எந்தப் பட்டனை அழுத்துகிறீர்களோ அந்த ரெசிஸ்டருக்கு ஏற்ப வோல்டேஜ் இறங்கும், செட் அதை அளந்து எது என்று புரிந்துகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செட்டுக்குள் 5 வோல்ட், 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஓம் பட்டனை அழுத்தினால் லைனில் 0.45 வோல்ட். 330 ஓம் என்றால் 1.24. 1000 ஓம் என்றால் சரிபாதி, 2.5. 2200 ஓம் என்றால் 3.44. நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் செட் குழம்பாது. ஆனால் இணைப்பில் துரு ஏறி 200 ஓம் தடை கூடிவிட்டது என்றால் 100 ஓம் பட்டன் 300 ஓமாகத் தெரியும், செட் அதை 330 என்று எடுத்துக்கொள்ளும். சத்தத்தைக் கூட்ட அழுத்தினால் பாட்டு மாறும். பட்டன் பைத்தியமாகிவிட்டது என்று செட்டைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எர்த் ஒயரையும் கப்ளரையும்தான். நம் பக்கம், கடற்காற்றில், இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிற வண்டியில், டேஷ்போர்டுக்குள் முறுக்கிவிட்ட செம்பு ஒயர் பச்சை பூத்துக் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்க வேண்டியது

உங்கள் காரின் மேல் வேரியன்ட்டுக்கான ஸ்டீயரிங் பட்டன் தொகுப்பு, அதே வேரியன்ட்டின் கிளாக் ஸ்பிரிங், இரண்டையும் இணைக்கும் சின்ன ஹார்னஸ், அதாவது ஒயர்க் கட்டு. கிளாக் ஸ்பிரிங்கைப் புதிதாக, கம்பெனி உதிரிபாகக் கடையில் சேஸிஸ் நம்பர் சொல்லி வாங்குங்கள். ஆடியோ கப்ளர் பொருந்துகிறதா என்பது இரண்டாவது, ஏர்பேக் கப்ளர் உங்கள் ஏர்பேக்குக்கு அச்சாகப் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே மாடல் காரில்கூட வருஷத்துக்கு வருஷம் இது மாறும். கொஞ்சம் அழுத்தினால் உட்காரும் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டன் தொகுப்பை மட்டும் புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாம், நானும் அங்கேதான் வாங்கினேன். மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்போது எண் நிலையாக நிற்க வேண்டும், ஆடினால் உள்ளே ரப்பர் தொடுகை போயிருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள், பின்னால் வேண்டும். ஆனால் பழைய ஏர்பேக், பழைய கிளாக் ஸ்பிரிங் இரண்டையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது, வெள்ளத்தில் கிடந்ததா என்று யாருக்குத் தெரியும்?

மற்றவை சில்லறை. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், முடிந்தால் வெள்ளீயம் பூசியது, கடற்காற்றுக்கு அதுதான் தாங்கும். நல்ல கிரிம்ப் முனைகள் (ஒயரை உள்ளே விட்டு அமுக்கி இறுக்குவது), சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ், துணி டேப், கேபிள் டை, 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. கறுப்பு பி.வி.சி. டேப் வேண்டாம், நம் வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, அடுத்த வருஷம் ஒயர் தனியாக, டேப் தனியாக நிற்கும். இதெல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடியும்.

கருவி என்று பார்த்தால் பேட்டரிக்கு 10 ஸ்பானர், ஸ்டீயரிங் நட்டுக்குப் பாக்ஸ் ஸ்பானர் (17, 19 அல்லது 21, வண்டியைப் பொறுத்து), ஏர்பேக் ஸ்குருவுக்கு நட்சத்திர முனை வைத்த டார்க்ஸ் பிட், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

கழற்றும் நாள்

நிதானமான நாளாகப் பார்த்து நிழலில் வண்டியை நிறுத்துங்கள். அதற்கு முன் ஒரு முறை சாவியை ஆன் செய்து ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஏற்கெனவே கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் உங்கள் வேலையை அதன் மேல் ஏற்றாதீர்கள். எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள், பழைய கார் விற்கிறவர்களில் சிலர் விளக்கையே பிடுங்கிவிடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பக்கம் எத்தனை வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் கியர் பக்கத்தில் தரையோடு ஒட்டி இருக்கும், ஸ்டீயரிங் நனையாவிட்டாலும் அது நனைந்திருக்கும்.

முன் சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தானாகப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். அப்புறம் காத்திருங்கள். விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. அது வடிய கம்பெனிக்குக் கம்பெனி ஒன்று முதல் சில நிமிஷம் வரை சொல்வார்கள், நான் பத்து நிமிஷம் விடுகிறேன். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஏர்பேக் பின்பக்கம் இரண்டு ஸ்குருவிலோ, பக்கவாட்டு ஓட்டையில் குச்சி விட்டு அழுத்தினால் விடுபடும் கம்பி ஸ்பிரிங்கிலோ நிற்கும். முகத்தை நேர் எதிரே வைக்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து கழற்றுங்கள். கையால் முதலில் வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போகும். மஞ்சள் கப்ளரில் ஒரு பூட்டு நாக்கு இருக்கும், அதைத் தூக்கிய பிறகுதான் கப்ளர் வெளியே வரும். இழுத்துப் பிடுங்கக் கூடாது. பையைத் தூக்கிப் போகும்போது அலங்கார முகம் உங்கள் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும், வைக்கும்போது முகம் மேலே. குப்புற வைத்து அது வெடித்தால் ராக்கெட் மாதிரிக் கிளம்பும். வெயிலில் வைக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம்.

ஏர்பேக்கின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கவே கூடாது. மீட்டர் அளக்க அனுப்பும் துளிக் கரண்டே பையை வெடிக்கவைத்துவிடலாம், எந்த மீட்டர் எவ்வளவு அனுப்புகிறது என்று சோதித்துப் பார்க்க இது இடமில்லை. டெஸ்ட் லாம்ப்பும் அப்படியே. மஞ்சள் ஒயரை வெட்டுவது, ஒட்டுவது, அதிலிருந்து ஒரு கிளை எடுப்பது என்ற பேச்சே கிடையாது.

ஹாரன் கப்ளரையும் கழற்றிய பிறகு நடு நட்டு தெரியும். வெள்ளை மார்க்கரால் தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரே நேராகக் கோடு போடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், முழுசாக எடுக்காமல் மூன்று நாலு மரை விட்டுவையுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அப்படியும் இப்படியும் ஆட்டி இழுத்தால் திடீரென்று வரும். அந்த நட்டு இல்லையென்றால் அது நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும், இதை ஒருவர் மூக்கைப் பார்த்தே சொல்கிறேன். சுத்தியலால் தண்டைத் தட்டாதீர்கள், வரவில்லையென்றால் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போடுங்கள்.

நான் முதல் முறை கழற்றியபோது பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, வளையத்தக் கழட்டிட்டுச் சாவியத் தொங்கவிட்டிருக்க? புள்ள யாராச்சும் திருப்பினா டயரு ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம் போயிடும்." அன்றிலிருந்து சாவி பாக்கெட்டில்தான். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் தண்டு பூட்டிக்கொள்ளும், ஆனால் நேராக இருக்கும்போது பூட்டு விழாத வண்டியும் உண்டு, அப்படியென்றால் டயரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் வேலை

தண்டின் மேல், கீழ் மூடிகளைக் கழற்றி, பழைய கிளாக் ஸ்பிரிங்கின் அடிக் கப்ளர்களைப் பிடுங்கி அதை எடுங்கள். கழற்றியதும் அசையாதபடி அதன் மேல் டேப் ஒட்டுங்கள், திரும்ப மாட்ட நேர்ந்தால் உதவும்.

புதியது பெரும்பாலும் நடுவில் பூட்டியே வரும், அந்தப் பூட்டைக் கடைசி நிமிஷம் வரை எடுக்காதீர்கள். பூட்டு இல்லாமல் வந்தாலோ கை தவறிச் சுற்றிவிட்டாலோ நீங்களே நடுப்படுத்த வேண்டும். ஒரு பக்கமாக மெல்லத் திருப்புங்கள், லேசாக இறுகும் இடத்தில் நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள். அங்கிருந்து எதிர்ப் பக்கம் எண்ணிக்கொண்டே கடைசி வரை திருப்புங்கள். மொத்தம் ஐந்து சுற்று என்றால் இரண்டரை சுற்று திரும்பி வாருங்கள். டப்பாவில் அம்புக்குறிகள் இருக்கும், அவை நேர் சேர வேண்டும். சேரவில்லையென்றால் திரும்ப எண்ணுங்கள். இந்த ஐந்து நிமிஷத்தில் அவசரப்பட்டவர்கள்தான் அடுத்த மாதம் இன்னொரு கிளாக் ஸ்பிரிங் வாங்குகிறார்கள்.

கீழே வரும் ஆடியோ கப்ளரிலிருந்து செட் வரை லைன் இழுக்க வேண்டும். சில வண்டிகளில் டேஷ்போர்டு ஹார்னஸில் ஏற்கெனவே அந்த ஒயர் இருந்து, சும்மா மடித்துக் கட்டி வைத்திருப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் கம்பெனி ஹார்னஸ் போகும் வழியிலேயே அதோடு சேர்த்துத் துணி டேப் சுற்றிக்கொண்டு போங்கள். ஸ்டீயரிங் மேலும் கீழும் சாயும் வண்டியில் சாய்வை இரண்டு கடைசிக்கும் நகர்த்திப் பார்த்து, ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். பிரேக் பெடலின் பக்கத்தில் தொங்கும் எதுவும் கூடாது. விபத்தில் தண்டு மடங்க வேண்டிய இடத்தில் ஒயரைக் கட்டிவைக்காதீர்கள்.

எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்து செட்டின் எர்த்தோடு சேருங்கள். ஸ்டீயரிங் இரும்புதானே, அதிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தண்டு நிற்பது பேரிங்கில், அதில் கிரீஸ், திருப்பும்போது தடை ஏறி இறங்கும். ஹாரனுக்கு அது பரவாயில்லை, நம் ரெசிஸ்டர் கணக்குக்கு ஆகாது.

பட்டனில் பின்விளக்கு இருந்தால் அதற்கு 12 வோல்ட் வேண்டும். வழக்கமாக செட்டுக்கு வரும் ஆரஞ்சு ஒயர் பார்க் விளக்கு லைன், அதிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு எடுங்கள். வண்டி ஒயரிங்கில் நிறம் மாறியிருக்கலாம், விளக்கைப் போட்டு அணைத்து மீட்டரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்விளக்கு இழுப்பது மிகக் குறைவு, ரிப்பன் அதைத் தாங்கும்.

ஒட்டு போடும் இடமெல்லாம் கிரிம்ப், மேலே சுருங்கு ஸ்லீவ். ஆடும் இடத்தில் சால்டரிங் வேண்டாம், ஈயம் ஏறிய ஒயர் குச்சி மாதிரி விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும். தோலை உரிக்காமல் அமுக்கி மாட்டும் கிளிப்புகளையும் தவிருங்கள், அதற்குள் ஈரக் காற்று புகுந்துவிடும்.

ஸ்டீயரிங்கைக் கோடு சேர மாட்டி, நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் வண்டியின் சரியான எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். ஏர்பேக்கை இப்போதே மாட்ட வேண்டாம்.

பேட்டரியும் இன்னும் கழற்றியபடியே இருக்கட்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு வையுங்கள். செட் பக்கத்து முனையில், செட்டோடு இணைக்காமல், மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். புதுப்பேட்டையில் குறித்த தாளை எடுங்கள், அதே எண் வர வேண்டும், இரண்டு மூன்று ஓம் கூடினால் பரவாயில்லை. சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை விடுவித்துக்கொண்டு, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டீயரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் ஒருவரைத் திருப்பச் சொல்லுங்கள். எண் குதித்தாலோ, உள்ளே கரகரவென்று சத்தம் வந்தாலோ நிறுத்திவிட்டுத் திரும்பக் கழற்றுங்கள். கஷ்டம்தான், ஆனால் இந்தச் சோதனை இல்லாமல் மூடினால் காசிமேட்டுக் கதை உங்களுக்கும் வரும்.

எல்லாம் சரியென்றால் ஹாரன் கப்ளர், மஞ்சள் கப்ளர், அதன் பூட்டு நாக்கு, ஏர்பேக். நாக்கு டக்கென்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். பேட்டரியை இணைக்கும்போது வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம். முதல் முறை சாவியைத் திருப்பும்போதும் பக்கவாட்டில் நின்று திருப்புங்கள். பேட்டரியை இணைத்துவிட்டு ஏர்பேக்கை மாட்டாமல் சாவியை ஆன் செய்து பார்ப்பது பலர் செய்யும் தவறு, பெட்டி உடனே கோளாறைப் பதிவு செய்துகொள்ளும், அதை அழிக்க ஸ்கேனர் வேண்டும், வண்டியின் கோளாறு படிக்கும் மலிவான ஓ.பி.டி. ப்ளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை ஏர்பேக் பக்கம் போகவே போகாது.

செட்டோடு பேசவைப்பது

ஆண்ட்ராய்டு செட் என்றால் பின்பக்கம் கீ 1, கீ 2, எர்த் என்று ஒயர் இருக்கும். உங்கள் பட்டனில் ஒரே லைன் என்றால் கீ 1 போதும், இடது வலது தனித்தனி லைன் என்றால் இரண்டும். செட்டிங்கில் ஸ்டீயரிங் பட்டன் பக்கத்துக்குப் போய், திரையில் வேலையைத் தொட்டு, பட்டனை ஓரிரு விநாடி அழுத்திப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்வது நல்லது, நிற்கும்போது 12.6 வோல்ட் உள்ள வண்டி ஓடும்போது 14 வரை போகும், சில மலிவு செட்டுகள் அந்த வித்தியாசத்திலேயே தடுமாறும். பயோனியர் செட்டுகளில் பலவற்றில் ஒயர் ரிமோட்டுக்கு 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும், அது வேறு ரெசிஸ்டர் அளவை எதிர்பார்க்கும், அதனால் நடுவில் ஒரு இன்டர்பேஸ் பெட்டி தேவைப்படும். கம்பெனி செட் என்றால் மேல் வேரியன்ட் செட்டில் எந்த முனை எதற்கு என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், குத்துமதிப்பாகக் குத்தாதீர்கள்.

க்ரூஸ் கண்ட்ரோல் (வேகத்தை வண்டியே பிடித்துவைப்பது) பட்டனும் சேர்ந்து வந்தால் ஆசைப்பட்டு உடனே இணைக்காதீர்கள். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இ.சி.யு.வில் அந்த வசதி இருக்க வேண்டும், பிரேக் சுவிட்ச்சும் கிளட்ச் சுவிட்ச்சும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் விடுபடும் என்று நிரூபிக்க முடியாத க்ரூஸ் எனக்கு வேண்டாம். டி.எச். ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை எங்கே போடப் போகிறோம் என்பது தனிக் கேள்வி.

ஸ்டீயரிங் பட்டனால் வேறு எதையாவது, கூடுதல் விளக்கு மாதிரி, போட வேண்டுமென்றால் பட்டன் ரிலேயை மட்டும்தான் தூண்ட வேண்டும். ரிலே பானெட்டுக்குள், 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக லைன், 87இல் விளக்கு, 85க்கும் 86க்கும் நடுவே சுருள் (இந்த எண்கள் ரிலேயின் முனைகளின் பெயர்கள்). சுருளின் குறுக்கே 1 என் 4007 டையோடு ஒன்றைப் பாசிட்டிவ் பக்கம் கோடு வரும்படி போட்டால், ரிலே அணையும்போது எழும் மின்னடி பட்டனைச் சுடாது. பலகுரல் ஹாரனுக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் மன்னிக்கவும், மத்திய மோட்டார் வாகன விதி 119 அதை அனுமதிப்பதில்லை, எங்கள் தெருவும் அனுமதிக்காது.

இவ்வளவும் படித்துவிட்டு ஏர்பேக்கைத் தொட மனசு வரவில்லை என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் கம்பியில் மாட்டும் ஒயர் இல்லாத பட்டன் கிடைக்கிறது, உள்ளே சி.ஆர். 2032 மாதிரி ஒரு காசு பேட்டரி, ரிசீவரை செட்டின் பின்னால் கீ லைனில் இணைத்தால் வேலை முடிந்தது. மச்சான் வண்டிக்குப் புது கிளாக் ஸ்பிரிங் மாட்டி ஹாரனைச் சரிசெய்த பிறகு பாட்டுக்கு இதைத்தான் போட்டேன். குறுக்குக் கம்பியில் வையுங்கள், ஏர்பேக் மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள், பை விரியும்போது அது முகத்துக்கு வரும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு கீழ் மூடியை மட்டும் திரும்பக் கழற்றி, டார்ச் அடித்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒயர் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, கேபிள் டை நழுவியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அப்படியே பழைய கிளாக் ஸ்பிரிங், கழற்றிய ஹார்னஸ், ரெசிஸ்டர் எண் எழுதிய தாள் மூன்றையும் ஒரு கவரில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள், நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிறவர் மூடியைத் திறந்து தலையைச் சொறிய வேண்டியிருக்காது.